காவலர் கேட்கும் ஒரு கேள்வி: அமெரிக்கச் சாலைகளில் காரைச் சோதிக்க 'ஒப்புதல்' தருவது என்றால் என்ன?

1967 ஜனவரி மாத இறுதியில், கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில், அதிகாலை 2.40 மணி அளவில், ரோந்துக் காவலர் ஒருவர் ஒரு காரை நிறுத்தினார். அதன் ஹெட்லைட்டுகளில் ஒன்று எரியவில்லை. எண் தகட்டின் மேல் வெளிச்சம் விழச் செய்யும் சிறு விளக்கும் எரியவில்லை. காருக்குள் ஆறு பேர் இருந்தார்கள். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை. முன்னிருக்கையில் இருந்த இன்னொருவர் மட்டுமே லைசென்ஸை எடுத்துக் காட்டி, கார் தம் சகோதரருடையது என்றார். காவலர் சொன்னபடி ஆறு பேரும் இறங்கி நின்றார்கள். அதற்குள் மேலும் இரண்டு காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். காரைச் சோதித்துப் பார்க்கலாமா என்று முதல் காவலர் அந்த லைசென்ஸ்காரரிடம் கேட்டார். "தாராளமாகப் பாருங்கள்" என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். டிக்கி திறக்குமா என்று கேட்டபோது சாவியை எடுத்துவந்து தாமே திறந்தும் காட்டினார். பின்னிருக்கையின் இடப்பக்கத்துக்கு அடியில் கசக்கிச் செருகப்பட்டிருந்த மூன்று காசோலைகள் கிடைத்தன. அவை ஒரு கார் கழுவும் நிலையத்திலிருந்து களவு போனவை.

அந்த வேளையில் யாரும் யாரையும் மிரட்டவில்லை, கைது என்ற பேச்சே எழவில்லை, சூழல் மிக இணக்கமாக இருந்தது என்று பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்லப்பட்டது. ஆனால் ஹெட்லைட் எரியாததற்கும் பின்னிருக்கையின் அடியைத் துழாவுவதற்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தக் காரைச் சோதிப்பதற்குக் காவலருக்கு அன்று இருந்த ஒரே அதிகாரம், எதிரில் நின்றவர் சொன்ன அந்தச் 'சரி' மட்டுமே. அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்விதான் ஆறு ஆண்டுகள் கழித்து, 1973இல், 'ஷ்னெக்லாத் எதிர் புஸ்டமாண்டே' என்ற வழக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்தப்படும் வாகனத்தை ஓட்டுநரின் ஒப்புதலோடு சோதிப்பது பற்றிய சட்டம் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பின் மீதுதான் நிற்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், மக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற முறையில் சோதிப்பதையும் கைப்பற்றுவதையும் தடை செய்கிறது. இயல்பான வழி, போதிய முகாந்திரத்தை நீதிபதியின் முன் எடுத்துவைத்துச் சோதனை ஆணை பெறுவதுதான். இதற்கு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட விலக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்று, சோதனைக்கு உரியவரே மனமுவந்து தரும் ஒப்புதல். தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுப்பவருக்கு நீதிபதியின் பாதுகாப்பு தேவையில்லை என்பது அதன் பின்னுள்ள எண்ணம். ஒப்புதல் செல்லுபடியானால், ஆணையும் வேண்டாம், முகாந்திரமும் வேண்டாம், சந்தேகம்கூட வேண்டாம். ஒரு சொல் இத்தனையையும் நீக்கிவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்ற எல்லாம் விளங்கும்.

காருக்கும் வீட்டுக்கும் இடையே சட்டம் காட்டும் வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுவிலக்குக் காலத்தில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கும் கிராண்ட் ரேப்பிட்ஸுக்கும் இடையிலான சாலையில் நிறுத்தப்பட்ட ஒரு காரின் இருக்கை மெத்தைக்குள் 68 மதுப்புட்டிகள் கிடைத்தன. அதிலிருந்து எழுந்த 'கேரல்' வழக்கில், 1925இல், உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது: கார் நகர்ந்து போய்விடக்கூடியது; நீதிபதியைத் தேடிப் போய் ஆணை வாங்கி வருவதற்குள் அது மாநில எல்லையைத் தாண்டிவிடலாம்; ஆகவே சட்டவிரோதப் பொருள் உள்ளே இருக்கிறது என்று நம்புவதற்குப் போதிய முகாந்திரம் இருந்தால், ஆணை இல்லாமலேயே காரைச் சோதிக்கலாம். ஆணைதான் தேவையில்லையே தவிர, முகாந்திரம் கட்டாயம் தேவை. இருக்கையில் வெளிப்படையாகத் தெரியும் போதைப்பொருள் அப்படிப்பட்ட முகாந்திரமாகும். எரியாத ஹெட்லைட்டோ வேக வரம்பை மீறியதோ ஆகாது.

இந்த இடைவெளியில்தான் ஒப்புதல் என்ற கேள்வி வந்து அமர்கிறது. ஒரு காரை நிறுத்துவது காவலருக்கு எளிது. சமிக்ஞை விளக்குப் போடாமல் திரும்பினாலும், கோட்டைத் தொட்டு ஓட்டினாலும் நிறுத்தலாம். உண்மையில் காவலரின் மனத்தில் வேறு நோக்கம் இருந்தாலும், விதிமீறல் நடந்தது உண்மையானால் நிறுத்தியது செல்லும் என்று 1996இல் 'ரென்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நிறுத்திய பிறகு லைசென்ஸ், வாகனப் பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லலாம். ஆயுதம் இருக்கிறதென்று நம்பத்தக்க காரணம் இருந்தால் கைக்கெட்டும் இடங்களைப் பார்க்கலாம். டிக்கிக்குள்ளும் பைக்குள்ளும் கை நுழைக்க இவை எதுவும் போதாது. நுழைக்க விரும்பும் காவலர், முகாந்திரம் இல்லாத நிலையில், செய்யக்கூடியது ஒன்றுதான்: கேட்பது. கேட்பதற்கு எந்தக் காரணமும் வேண்டியதில்லை.

இனி 1973 தீர்ப்புக்கு வருவோம். கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்புதல் தந்தவருக்குத் தாம் மறுக்கலாம் என்பது தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், ஒப்புதல் தன்னிச்சையானதா என்பதைச் சூழ்நிலைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றார். அச்சுறுத்தல் இருந்ததா, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ வற்புறுத்தல் இருந்ததா, எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தார்கள், ஒப்புதல் தந்தவரின் வயது என்ன, கல்வி என்ன, அறிவுநிலை என்ன என்பவை எல்லாம் எடைபோடப்படும். மறுக்கும் உரிமை அவருக்குத் தெரியுமா என்பதும் அந்த எடைக்கற்களில் ஒன்று. ஆனால் ஒன்று மட்டுமே. அது தெரியாததாலேயே ஒப்புதல் செல்லாமல் போய்விடாது. சாலையோரத்தின் அவசரமான, ஒழுங்குபடுத்தப்படாத சூழலில் ஒவ்வொருவருக்கும் உரிமையை எடுத்துச்சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது தீர்ப்பு காட்டிய காரணங்களில் ஒன்று.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். கைது செய்தவரிடம் "நீங்கள் பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம்" என்று அமெரிக்கக் காவலர்கள் சொல்வதைத் திரைப்படங்களில் பார்த்திருக்கிறோம். அது 1966ஆம் ஆண்டின் 'மிராண்டா' தீர்ப்பின் விளைவு. காவலில் வைத்து விசாரிப்பதற்கு உரியது. காரைச் சோதிக்கலாமா என்று கேட்கும்போது அப்படி எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை என்பதே 1973 தீர்ப்பின் சாரம். வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமையைக் காவலர் நினைவூட்ட வேண்டும். காரைத் திறக்காமல் இருக்கும் உரிமையை நினைவூட்ட வேண்டியதில்லை.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர் தர்குட் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதியான அவர் எழுப்பிய எதிர்வாதம் மிக எளிமையானது. தேர்ந்தெடுக்க வாய்ப்பு ஒன்று இருக்கிறது என்பதே ஒருவருக்குத் தெரியாதபோது, அவர் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் கேட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு பேசும் நடைமுறை வசதி என்பது, கடைசியில் பார்த்தால், மக்களின் அறியாமையைக் காவல்துறை தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளும் வசதியே என்றும் அவர் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வாதத்துக்கு நிறைவான பதில் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், குற்றவியல் நடுவர் முன்னிலையிலோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ சோதனை நடக்க வேண்டும் என்று கோரும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இது உடல் சோதனைக்கு மட்டுமே பொருந்தும், வாகனத்துக்குப் பொருந்தாது. ஒப்புதல் என்ற கருத்தும் அதில் இல்லை. ஆனாலும், தெரியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பின் அடியில் இருக்கிறது. மார்ஷல் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

1973 தீர்ப்பு ஓட்டுநரை முழுவதுமாகக் கைவிட்டுவிடவில்லை. ஒப்புதல் தன்னிச்சையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையதாகவே இருக்கிறது. அதிகாரத்துக்கு அடங்கிப் போனதை ஒப்புதல் என்று காட்ட முடியாது என்பதை, அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1968இல் 'பம்ப்பர்' வழக்கு நிறுவியிருந்தது. வடக்குக் கரோலினாவில் ஒரு நாட்டுப்புறச் சாலையின் கோடியில் இருந்த வீட்டுக்குக் காவலர்கள் போய், தங்களிடம் சோதனை ஆணை இருக்கிறது என்று 66 வயதுப் பாட்டி ஒருவரிடம் சொன்னார்கள். அவர் உள்ளே வரச் சொன்னார். ஆணை இருக்கிறது என்று சொன்ன பிறகு கதவைத் திறந்தது, எதிர்க்க முடியாது என்ற எண்ணத்தில் திறந்தது. அது ஒப்புதல் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். இதையே காருக்குப் பொருத்தினால், "காரைப் பார்க்கப் போகிறேன், டிக்கியைத் திறங்கள்" என்று கட்டளையாகச் சொல்லித் திறக்கவைத்ததும் "டிக்கியைப் பார்க்கலாமா?" என்று கேட்டுத் திறக்கவைத்ததும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. சாலையோரத்தில் நிற்பவரின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழக்கூடும் என்பதுதான் வருத்தத்துக்குரியது. சோதனை செல்லாது என்று முடிவானால், அதில் கிடைத்த பொருளைப் பொதுவாகச் சான்றாக முன்வைக்க முடியாது. 1961இல் 'மேப்' வழக்குக்குப் பிறகு இந்த விதி மாநில நீதிமன்றங்களுக்கும் பொருந்துகிறது.

ஒப்புதல் கேட்கப்படும் தருணம் எப்படி அமைகிறது என்பதை ஓஹியோவில் நடந்த ஒரு நிகழ்ச்சி மிக நுட்பமாகக் காட்டுகிறது. 1992 ஆகஸ்டில், டேட்டன் நகருக்கு வடக்கே உள்ள நெடுஞ்சாலையில், பராமரிப்புப் பணி நடந்த பகுதியில், மணிக்கு 45 மைல் வரம்பில் 69 மைல் வேகத்தில் போன ராபினெட் என்பவரை ஒரு துணை ஷெரிப், அதாவது மாவட்ட அளவிலான காவல் அதிகாரி, நிறுத்தினார். லைசென்ஸை வாங்கிச் சரிபார்த்தார். காரை விட்டு இறங்கச் சொன்னார். தம் வண்டியில் இருந்த வீடியோ கேமராவை இயக்கினார். வாய்மொழியாக எச்சரித்துவிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு வேலை முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். அந்த நொடியில், கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி என்று தொடங்கி, காரில் ஆயுதமோ போதைப்பொருளோ சட்டவிரோதமான வேறு எதுவுமோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும், காரைச் சோதிக்கலாமா என்றார். ராபினெட் ஒப்புக்கொண்டார். சிறிதளவு கஞ்சாவும், ஒரு பிலிம் டப்பாவில் போதை மாத்திரை ஒன்றும் கிடைத்தன.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதால் அவர் அப்போது சுதந்திரமானவர். கேட்டது இயல்பான உரையாடல். ஒப்புக்கொண்டது அவர் விருப்பம் என்பது ஒரு பார்வை. நிறுத்திவைத்தல் எந்த இடத்தில் முடிந்து உரையாடல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியவே இல்லை என்பது மற்றொரு பார்வை. ஓஹியோ மாநில உச்ச நீதிமன்றம் இரண்டாவது பார்வையை எடுத்துக்கொண்டு, "இனி நீங்கள் போகலாம்" என்று சொன்ன பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும் என்று விதித்தது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது யதார்த்தத்துக்குப் பொருந்தாது, சூழ்நிலைகள் முழுவதையும் பார்ப்பதே அளவுகோல் என்றது. அதோடு வழக்கு முடியவில்லை. திரும்பி வந்த வழக்கை ஓஹியோ நீதிமன்றம் அந்தப் பொது அளவுகோலைக் கொண்டே மீண்டும் எடைபோட்டு, 1997இல், அந்த ஒப்புதல் தன்னிச்சையானதல்ல என்று முடிவு செய்து சான்றை ஒதுக்கியது. ஒரே அளவுகோல் இரு கைகளில் இரு விதமாக அளக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வழக்கில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது ஓர் எண். அதே துணை ஷெரிப், 1992ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 786 போக்குவரத்து நிறுத்தங்களில் சோதனைக்கு ஒப்புதல் கேட்டதாக இன்னொரு வழக்கில் சாட்சியம் சொல்லியிருந்தார். நாளொன்றுக்கு இரண்டு முறைக்கும் மேல். பொருள் கிடைத்த வழக்குகள்தான் நீதிமன்றத்துக்கு வருகின்றன. எதுவுமே கிடைக்காமல், பெட்டிகளும் பைகளும் திறந்து கிடக்க, கடந்துபோகும் வண்டிகளின் வெளிச்சத்தில் சாலையோரம் நின்றுவிட்டுப் போனவர்களைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

மக்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஒப்புக்கொள்வதாவது புரிகிறது; டிக்கியில் போதைப்பொருளை வைத்துக்கொண்டே "பாருங்கள்" என்று சொல்கிறவர்களைப் பற்றித் தீர்ப்புகள் நிறைந்து கிடக்கின்றன. ரோசானா சோமர்ஸ், வனெஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் யேல் சட்ட இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வெளிச்சம் தருகிறது. ஆய்வகத்துக்கு வந்தவர்களிடம், கைப்பேசியின் பூட்டை நீக்கிக் கொடுங்கள், வெளியே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் கொடுத்துவிட்டார்கள். இப்படிக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா என்று வேறு சிலரிடம் கற்பனையாகக் கேட்டபோதோ, பெரும்பாலோர் மறுப்போம் என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மறுப்பது மிக எளிதாகத் தெரிகிறது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து மறுப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது. கேட்டவர் ஆயுதமில்லாத ஆய்வாளர். அவருடைய இடத்தில் இடுப்பில் துப்பாக்கியும் பின்னால் சுழலும் சிவப்பு நீல விளக்குகளுமாக ஒரு காவலர் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 'நியாயமான மனிதர் மறுத்திருக்க முடியும்' என்று தீர்ப்பு எழுதும் நீதிபதிகளும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள்தாம் என்பதே அந்த ஆய்வு எழுப்பும் ஐயம்.

ஒப்புதல் தந்துவிட்டால் அது எதுவரை போகும் என்பது அடுத்த கேள்வி. 1991இல் 'ஹிமெனோ' வழக்கில் இதற்கு விடை தரப்பட்டது. புளோரிடாவில், காரில் போதைப்பொருள் இருப்பதாகச் சந்தேகிப்பதை ஓட்டுநரிடம் சொல்லிவிட்டே காவலர் ஒப்புதல் கேட்டார், ஒப்புதல் கிடைத்தது, காரின் தரையில் மடித்து வைத்திருந்த பழுப்பு நிறக் காகிதப் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு கிலோ கொக்கேயின் இருந்தது. காரைப் பார்க்கச் சொன்னேனே தவிரப் பையைத் திறக்கச் சொல்லவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. அந்த உரையாடலைக் கேட்கும் ஒரு சராசரி மனிதர் ஒப்புதல் எதுவரை நீள்வதாகப் புரிந்துகொள்வாரோ அதுவரை போகலாம் என்றது நீதிமன்றம். போதைப்பொருளைத் தேடுகிறோம் என்று சொன்ன பிறகு, அதை வைக்கக்கூடிய காகிதப் பையும் அதில் அடங்கும். பூட்டிய பெட்டியை உடைத்துத் திறப்பது வேறு, காகிதப் பையை விரிப்பது வேறு என்றும் தீர்ப்பு குறிப்பிட்டது. இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்று கிடைக்கிறது: எல்லையை வகுக்கும் உரிமை ஒப்புதல் தருபவருடையது. "உள்ளே பாருங்கள், பைகளைத் திறக்க வேண்டாம்" என்று சொல்லலாம். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, எதுவும் கிடைப்பதற்கு முன், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பொதுவாக இடமுண்டு. ஆனால் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முகத்தைச் சுளிப்பதும் முணுமுணுப்பதும் திரும்பப் பெற்றதாக ஆகாது.

மறுத்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் பலரைத் தலையாட்ட வைக்கிறது. ஒத்துழைக்க மறுத்தது மட்டுமே ஒருவரைச் சந்தேகிப்பதற்கான காரணமாகாது என்று 1991இல் 'பாஸ்டிக்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக எழுதியிருக்கிறது. மறுத்தவரை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கலாம் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் 'ரோட்ரிகஸ்' தீர்ப்பு ஓர் எல்லை போட்டது. நெப்ராஸ்காவில் நள்ளிரவுக்குப் பின், சாலையின் ஓரப்பட்டைக்குள் கார் ஒதுங்கியதற்காக ஓட்டுநரை நிறுத்திய காவலர், எழுத்துவடிவ எச்சரிக்கையைக் கொடுத்து முடித்தபின், மோப்ப நாயைக் காரைச் சுற்றி நடத்தலாமா என்று கேட்டார். ஓட்டுநர் மறுத்தார். இன்னொரு காவலர் வரும்வரை அவரை நிற்கவைத்து, பிறகு நாயை நடத்தினார்கள். எச்சரிக்கை கொடுத்ததற்கும் போதைப்பொருள் இருப்பதை நாய் அடையாளம் காட்டியதற்கும் இடையே ஏழெட்டு நிமிடங்கள். அந்த ஏழெட்டு நிமிடங்கள் அரசியலமைப்புக்குப் புறம்பானவை என்று 6க்கு 3 என்ற கணக்கில் முடிவானது. விதிமீறலுக்கான வேலை முடிந்ததும், வேறு தனிச் சந்தேகம் இல்லாவிட்டால், நிறுத்திவைக்கும் அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். அந்த ஓட்டுநருக்கு அது உதவவில்லை. காவலர் அன்றைய சட்டத்தை நம்பி நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார் என்று கீழ் நீதிமன்றம் பிறகு சான்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு உதவியிருக்கிறது. இப்படிச் சட்டத்துக்குப் புறம்பாக நீட்டித்த நேரத்தில் பெற்ற ஒப்புதலும் பெரும்பாலும் அந்தக் குற்றத்தால் கறைபட்டதாகவே கருதப்படும்.

இதுவரை சொன்னது நாடு முழுமைக்கும் உரிய குறைந்தபட்சக் காப்பு. தத்தம் அரசியலமைப்பின் வழியாகவோ சட்டத்தின் வழியாகவோ மாநிலங்கள் இதற்கு மேல் போகலாம், சில போயிருக்கின்றன. அதிகம் பேச வேண்டியது நியூ ஜெர்சியைப் பற்றி. மறுக்கும் உரிமை தெரிந்திருந்ததை அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்று 1975இலேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ஷலின் வாதம் அங்கே சட்டமானது என்றே கொள்ளலாம். ஆனாலும் நெடுஞ்சாலை நிலைமை மாறவில்லை. அந்த மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகமே 1999இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட ஒப்புதல் சோதனைகளில் முக்கால் பங்குக்கும் மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் உட்பட்டது என்று ஒப்புக்கொண்டது. உரிமை தெரிந்தும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டும், கேட்கப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டே வந்தார்கள். ஆகவே 2002இல் 'கார்ட்டி' வழக்கில் அந்த நீதிமன்றம் விடையை விட்டுவிட்டுக் கேள்வியையே கட்டுப்படுத்தியது: குற்றம் நடப்பதாக நம்பத்தக்க, எடுத்துச் சொல்லக்கூடிய சந்தேகம் இல்லாவிட்டால், நிறுத்திய காரைச் சோதிக்க ஒப்புதல் கேட்கவே கூடாது. மினசோட்டா நீதிமன்றமும் 2003இல் இதே திசையில் சென்றது. ரோட் ஐலண்ட் சட்டம் இயற்றியது. கொலராடோவில் 2010 முதல், மறுக்கலாம் என்பதைக் காவலர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் 2020இல், போக்குவரத்து விதிமீறலுக்காக மட்டும் நிறுத்தப்பட்ட வாகனத்தில் ஒப்புதல் கேட்பதையே தடுத்தது.

இவற்றில் எது சரியான வழி என்று கேட்டால், கேள்வியைக் கட்டுப்படுத்துவதே சரி என்பது என் கருத்து. மறுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்பது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன ஆய்வும், நியூ ஜெர்சியின் அனுபவமும், அந்த ஒரு வாக்கியத்தால் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை என்றே காட்டுகின்றன. மக்களுக்குத் தகவல் குறைவாக இருப்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இரவில், சாலையோரத்தில், அதிகாரத்தின் முன் தனியாக நிற்பது.

அமெரிக்காவில் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் தமிழர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறார்கள். காவலரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டியது. இரவல் வாங்கிய காரோ வாடகைக் காரோ என்பதால் உரிமை போய்விடாது. வாடகை ஒப்பந்தத்தில் தம் பெயர் இல்லாவிட்டாலும், வாடகைக்கு எடுத்தவரின் அனுமதியோடு முறையாக ஓட்டுபவருக்கு நான்காவது திருத்தத்தின் பாதுகாப்பு பொதுவாக உண்டு என்று 2018இல் 'பேர்ட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. லைசென்ஸையும் ஆவணங்களையும் கேட்டால் கொடுக்க வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். மறுப்பதை வாயால் மட்டுமே மறுக்க வேண்டும். மறுத்த பிறகும் காவலர் சோதித்தால் குறுக்கே கை நீட்டக் கூடாது. அது சரியா தவறா என்பது நீதிமன்றத்தில் பேசப்பட வேண்டியது.

ஒப்புதலைச் சொல்லால்தான் தர வேண்டும் என்பதில்லை, சைகையாலும் தரலாம். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்டுவதற்காகத் தலையை இப்படியும் அப்படியும் அசைப்பதும், இடையிடையே "ஓகே, ஓகே" என்பதும் ஒரு கேமராப் பதிவில் ஒப்புதலாகத் தெரியக்கூடும். கேள்வி வரும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல நேரங்களில் அது "சோதிக்கலாமா?" என்று நேராக வருவதில்லை, "மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?" என்று, பார்த்தால் ஆட்சேபனை உண்டா என்ற வடிவில் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு "நோ" என்றால் ஆட்சேபனை இல்லை, பார்க்கலாம் என்று பொருள். மறுப்பதாக நினைத்துக்கொண்டு "நோ" என்று சொல்பவர் அனுமதி கொடுத்தவராகிவிடுவார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று முழு வாக்கியமாக, குரலை உயர்த்தாமல், கைகள் ஸ்டீயரிங்கின் மீது தெரியும்படி வைத்துக்கொண்டு சொன்னால், அதை வேறு விதமாகப் புரிந்துகொள்ள எந்தக் கேமராவுக்கும் எந்த நீதிமன்றத்துக்கும் இடமிருக்காது.